பள்ளியா, வீடா? தமிழ்நாட்டில் வீட்டுவழிக் கல்வியை எடைபோடும்போது

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம் என்று சொல்லும் பெற்றோரிடம், நாலு பேரோடு பழக அது எங்கே கற்றுக்கொள்ளும் என்றுதான் உறவினர்கள் முதலில் கேட்கிறார்கள். ஆதரவாளர்களும் அந்தக் கேள்விக்கே மீண்டும் மீண்டும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால், தமிழ்நாட்டில் இவ்விரு வழிகளும் உண்மையில் பிரியும் இடங்கள் பேச்சில் வருவதில்லை. எந்தச் சான்றிதழ் கிடைக்கும், அதோடு எந்தெந்த உரிமைகள் வரும், வீட்டில் யாருடைய உழைப்பு செலவாகும் என்பவையே அந்த இடங்கள்.

சட்டத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. பெற்றோர் தாமாக விரும்பி வீட்டில் கற்பிப்பதற்கு இச்சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்று மத்திய அரசே 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. எனவே இது வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டதும் அல்ல, தடைசெய்யப்பட்டதும் அல்ல. ஒருமுறை வெளியே வந்தால் பள்ளிக்குத் திரும்பவே முடியாது என்பதும் தவறான எண்ணம். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளிக்கு வெளியே இருந்த குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வழிசெய்கிறது.

தொடக்க வகுப்புகளின் பாடங்களை மட்டும் ஒப்பிட்டால் வீட்டின் கை ஓங்கியிருக்கிறது. பின்னக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்காக வகுப்பறை ஒரு மாதம் காத்திருக்க முடியாது, வீடு காத்திருக்கும். எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கும், நாளின் பெரும்பகுதியைச் சதுரங்கத்திலோ இசையிலோ செலவிடும் பிள்ளைக்கும் இந்த நெகிழ்வு பெரிய வரம். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பை நினைத்து இதை மதிப்பிடுபவர்கள், பள்ளியின் கால அட்டவணையே கைபேசிக்குள் வந்து உட்கார்ந்திருந்ததை மறந்துவிடுகிறார்கள். வீட்டுவழிக் கல்வியின் பயனே அந்த அட்டவணை இல்லாததுதான்.

ஆனால் இதைச் செலவு குறைந்த வழி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக் கட்டணம் மிச்சமாகிறது என்று கணக்குப் போடும்போது, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவரின், பெரும்பாலும் தாயின், வருமானமும் ஓய்வும் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

பழகும் திறனைப் பொறுத்தவரை, தெருவும் மைதானமும் உறவும் உள்ள பிள்ளை ஊமையாகிவிடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. வீட்டில் கற்கும் பிள்ளையின் நட்பு வட்டத்தைப் பெற்றோரே அமைப்பதால், அதில் பெரும்பாலும் தங்களைப் போன்ற குடும்பங்களே இடம்பெறுகின்றன. பல சாதிப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சத்துணவு உண்ணும் அனுபவத்துக்கு வீட்டில் மாற்று இல்லை.

அரசுப் பள்ளியோடு ஒப்பிடும்போது இழப்பு இன்னும் கண்கூடானது. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை எங்கே படித்தோம் என்பதைப் பொறுத்தவை. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையும், பள்ளிக்குச் செல்லாமல் தனித்தேர்வராக எழுதியவர்களுக்குக் கிடைப்பதில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் வாய்ப்புள்ள பிள்ளையை இவற்றிலிருந்து விலக்குவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இந்த இழப்பில் பெரும்பகுதி பொருந்தாது. அதனால்தானோ என்னவோ, இவ்வழியைப் புகழ்ந்து பேசுவோர் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வீட்டுவழியைத் தேர்ந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடைய மூன்று பாதைகள் உள்ளன. முதலாவது, மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு 12½ வயதும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14½ வயதும் நிறைந்திருக்க வேண்டும், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவுசெய்யவும் வேண்டும். இரண்டாவது, 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ். 14 வயதில் சேரலாம். பெரிய பாடப்பட்டியலிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம். மூன்றாவது, பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் அமைப்பு நடத்தும் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வான ஐஜிசிஎஸ்இ. பாடத்திட்டம் ஆழமானது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நன்கு அறிமுகமானது. ஆனால் தேர்வுக் கட்டணம் பாடத்துக்குப் பாடம் ஏறுவதோடு, வெளி மாணவரை ஏற்கும் தேர்வு மையத்தையும் தேடிப்பிடிக்க வேண்டும்.

இம்மூன்றில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் பரிந்துரைப்பது என்ஐஓஎஸ். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர் நீட் எழுத முடியாது என்ற பேச்சு இன்னும் உலவினாலும், அந்தத் தடை நீதிமன்றங்களில் நிற்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட திறந்தநிலைப் பள்ளி மாணவர்களைத் தேசிய மருத்துவ ஆணையமும் ஏற்றுக்கொண்டது. ஐந்தாண்டு அவகாசம் என்பது தேர்வில் தவறியவருக்கான சலுகை மட்டுமல்ல. இந்த ஆண்டு கணிதம், அடுத்த ஆண்டு அறிவியல் என்று பிரித்துப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஏற்றதும் அதுவே.

வீட்டில் படித்தால் மேதையாகலாம் என்ற மயக்கத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் மும்பை மாணவியின் கதையை முழுதாகப் பார்ப்பது நல்லது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழே இல்லாமல், சர்வதேசக் கணினியியல் ஒலிம்பியாட்டில் மூன்று பதக்கங்கள் வென்று, 2016இல் அமெரிக்காவின் எம்ஐடியில் அவர் இடம்பிடித்தார். இங்கே ஐஐடிகளின் கதவு சான்றிதழ் இல்லாததால் திறக்கவில்லை. அவர் திறமையைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது சென்னைக் கணிதவியல் நிறுவனம். ஒலிம்பியாட் பதக்கம் இல்லாத பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் இன்றியமையாதது. ஆகவே எந்தத் தேர்வு என்பதைப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே முடிவுசெய்துவிட வேண்டும்.

அந்த முடிவில் மொழியும் அடங்கும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை, இணையத்தில் கிடைக்கும் வீட்டுவழிப் பாடப்பொருள்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சரளமாகத் தமிழ் பேசியும் ஒரு நாளிதழைப் படிக்கத் திணறும் பிள்ளை இந்த வழியில் எளிதாக உருவாகிவிடும். என்ஐஓஎஸ் பாடப்பட்டியலில் தமிழும் ஒரு மொழிப்பாடமாக இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது அதைப் பெற்றோர்தாம் குறித்துக்கொடுக்க வேண்டும்.