பி.எல்.எஸ். கார்டு எங்க எடுக்கறது: முழு நாள் கிளாஸா, பாதி ஆன்லைனா, நம்மூர் கோர்ஸா?

எங்க ஐசியூவுக்கு புதுசா வந்திருக்கற பொண்ணு போன வாரம் கேட்டுச்சு, "அக்கா, ஒரு மாசத்துக்குள்ள பி.எல்.எஸ். கார்டு கொண்டு வான்னு ஹெச்.ஆர்.ல சொல்லிட்டாங்க, ஒரு அக்கா முழு நாள் கிளாஸுக்கு போன்னு சொல்றாங்க, ஒரு பிரதர் பாதி ஆன்லைன்லயே முடிச்சிரலாம்ங்கறார், வாட்ஸ்அப்ல வேற ஐநூறு ரூபாய்க்கு சர்டிபிகேட்னு ஒரு மெசேஜ் சுத்துது, நான் எதுக்குக்கா போறது?" பி.எல்.எஸ்.னா பேசிக் லைஃப் சப்போர்ட், ஹார்ட்டோ மூச்சோ நின்னுட்டா உயிர காப்பாத்தற அடிப்படைப் பயிற்சி. டீ பிரேக்ல சொல்லி முடிக்கற விஷயமா இது? அதான் எழுதறேன். நான் நாலு தடவ எடுத்தாச்சு, நாலும் நாலு தினுசு.

ஐநூறு ரூபாய் சமாச்சாரத்த முதல்ல ஓரங்கட்டிடலாம். வீடியோ பாத்து, பத்து கேள்விக்கு டிக் அடிச்சா பி.டி.எஃப். வந்துரும், அவ்வளவுதான். ஏ.எச்.ஏ., அதாவது அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன், ஆன்லைன் பகுதிய மட்டும் முடிச்சவங்களுக்கு ப்ரொவைடர் கார்டு தர்றதில்ல, மேனிகின், அதாவது பயிற்சி பொம்மை மேல கை வச்சு செஞ்சு காட்டி பாஸ் ஆனாத்தான் கார்டு. அவங்க ஈ-கார்ட அவங்க சைட்லயே போட்டு செக் பண்ணலாம், ஹெச்.ஆர். ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாங்க. ஆக, ஐநூறும் போச்சு மானமும் போச்சு.

இப்ப நெஜமான போட்டி. ஏ.எச்.ஏ.வோட முழு நாள் கிளாஸ், பேருதான் அப்படி, ஒழுங்கா நடந்தா நாலு நாலரை மணி நேரம். பெரியவங்களுக்கு, குழந்தைக்கு, கைக்குழந்தைக்கு தனித்தனியா சி.பி.ஆர். (நெஞ்ச அமுக்கி மூச்சு குடுக்கறது), ஏ.இ.டி. (ஹார்ட்டுக்கு ஷாக் குடுக்கற கருவி), ஆம்பு பேக் (கையால அமுக்கி காத்து குடுக்கற பை), தொண்டைல ஏதாவது சிக்கினா என்ன பண்றது, எல்லாம் இருக்கும். கடைசில 25 கேள்வி, 84 சதவீதம் எடுக்கணும், அதாவது 21 சரியா இருக்கணும். எழுத்துப் பரீட்சைய பாத்து யாரும் பயப்பட வேணாம், நம்ம நர்சிங் காலேஜ்ல எழுதினதுக்கு முன்னாடி அது ஒன்னுமே இல்ல. கார்டு ரெண்டு வருஷம் செல்லும். வளைகுடா பக்கம் வேலைக்கு ட்ரை பண்றவங்ககிட்ட பெரும்பாலும் இந்த கார்டத்தான் கேக்கறாங்க, அந்த பிளான் இருந்தா ரொம்ப யோசிக்காதீங்க.

ஆனா ஒரே பேர்ல நடக்கற கிளாஸ் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. நான் முதல் தடவ போன எடத்துல முப்பது பேருக்கு ரெண்டு பொம்மை, வரிசைல நின்னு ஆளுக்கு ஒரு ரவுண்டு அமுக்கிட்டு போட்டோ எடுத்துட்டு வந்தோம், மதியம் பிரியாணி மட்டும் நல்லா இருந்துச்சு. விதிப்படி அப்படி நடத்தவே கூடாது, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு ஆறு பேர், மூனு பேருக்கு ஒரு மேனிகின், அதான் கணக்கு. இன்னொன்னு, 2019 ஜனவரிக்கு அப்புறம் பெரியவங்க சி.பி.ஆர். சொல்லித்தர்ற கிளாஸ்ல ஃபீட்பேக் காட்டற கருவி கட்டாயம்னு ஏ.எச்.ஏ. ஆக்கிட்டாங்க. வெறும் 'கிளிக்' சத்தம் போடற பொம்மை ஆழத்த மட்டும்தான் சொல்லும். ஃபீட்பேக் இருந்தா நிமிஷத்துக்கு எத்தனை, எவ்வளவு ஆழம், அமுக்கினப்புறம் நெஞ்ச முழுசா மேல வர விடறோமா எல்லாமே தெரியும். நிமிஷத்துக்கு 100ல இருந்து 120, ஆழம் 5 செ.மீ.க்கு கொறையாம 6 செ.மீ.க்கு மேல போகாமன்னு மனப்பாடமா எல்லாருமே சொல்லுவோம், ஆனா எனக்கு முதல் தடவ ஸ்க்ரீன் வச்சு காட்டினப்ப நான் 136ல ஓடிட்டு இருந்தேன், அது மட்டுமில்லாம பாதி அமுக்கல்ல நெஞ்சு மேல சாஞ்சே நின்னுட்டு இருந்திருக்கேன். சாஞ்சா நெஞ்சு விரியாது, விரியலன்னா ஹார்ட்டுக்கு ரத்தம் திரும்பி வராது, அப்புறம் எத அமுக்கி எத வெளிய தள்றது? அத்தனை வருஷம் ஐசியூல இருந்துட்டு இது தெரியாமலே இருந்திருக்கேன்.

பாதி ஆன்லைன்ங்கறது ஹார்ட்கோட். ஏ.எச்.ஏ.வோடதுதான், கடைசில கையில வர்ற கார்டும் அதே கார்டுதான், இதுல ஹெச்.ஆர். வித்தியாசம் பாக்க முடியாது. பாடத்த வீட்ல உக்காந்து ஆன்லைன்ல முடிச்சிட்டு, செய்முறைக்கு மட்டும் சென்டருக்கு போகணும். நைட் டியூட்டி பாக்கறவங்களுக்கு, வீட்ல சின்ன புள்ள இருக்கறவங்களுக்கு இது பெரிய வசதி, நான் மூனாவது தடவ இப்படித்தான் எடுத்தேன். சிக்கல் எங்கன்னா, வீடியோவ ஒரு பக்கம் ஓட விட்டு இன்னொரு பக்கம் சாம்பார் தாளிச்சுகிட்டு அரைகுறை கவனத்துல முடிச்சாலும் அதுவும் 'முடிச்சாச்சு'ன்னுதான் காட்டும், அப்புறம் செய்முறைக்கு போனா அங்க "எல்லாம் தெரியும்ல, சீக்கிரம் செஞ்சு காட்டுங்க"ன்னு அரை மணில அனுப்பிடற சென்டரும் உண்டு. ஏற்கனவே ரெண்டு மூனு தடவ எடுத்தவங்களுக்கு ஹார்ட்கோட் பத்தாதா, தாராளமா பத்தும். வாழ்க்கைல முதல் தடவ எடுக்கறவங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன், ஏன்னா முதல் தடவ நம்ம கை பண்ற தப்ப பக்கத்துல நின்னு ஒருத்தர் பாக்கணும், அதுக்கு நேரம் வேணும்.

மூனாவது நம்மூர் ஆளு, இத பத்தி நெறைய பேருக்கு தெரியவே இல்ல. இந்தியன் ரிசசிடேஷன் கவுன்சில், மயக்க மருந்து டாக்டர்கள் சங்கத்துல இருந்து வந்தது, 2017ல நம்ம ஊருக்குன்னே கைட்லைன் போட்டாங்க. மூனு அடுக்கு. பொதுமக்களுக்கு சி.ஓ.எல்.எஸ்., வாய் வச்சு ஊதறதெல்லாம் கெடையாது, வெறும் அமுக்கல்தான். ஆஸ்பத்திரிக்கு வெளிய வேலை பாக்கற மருத்துவ ஆளுங்களுக்கு பி.சி.எல்.எஸ்., ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கறவங்களுக்கு சி.சி.எல்.எஸ். இந்த கடைசி ஒன்ன பி.எல்.எஸ்.ஸோட நேருக்கு நேர் வச்சு பேசறது நியாயம் இல்ல, அதுல டீஃபிப் (ஷாக் மெஷின்), மருந்து, ஏர்வே (மூச்சுப் பாதை)ன்னு மேல போயிடும், கிட்டத்தட்ட ஏ.சி.எல்.எஸ்.ங்கற அடுத்த கட்ட கோர்ஸ் பக்கம். இதுல எனக்கு பிடிச்சது ஆஸ்பத்திரிய மனசுல வச்சு எழுதினது தெரியும்ங்கறதுதான். மோசமானது, வெளிநாட்டு ஏஜென்சிகிட்ட காட்டினா "இது என்ன கார்டு"ன்னு கேப்பாங்க. இங்கயே வேலை பாக்கப்போற டாக்டர், அனஸ்தீசியா டெக்னீஷியன், ஐசியூ ஸ்டாஃப்னா நான் சி.சி.எல்.எஸ்.ஸுக்கு தாராளமா கை தூக்குவேன், ஆனா சேர்றதுக்கு முன்னாடி உங்க ஆஸ்பத்திரில அத ஏத்துக்கறாங்களான்னு வாயால கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க. வார்டு அட்டெண்டர், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் அக்காங்களுக்கு அந்த சி.ஓ.எல்.எஸ். போதும், அவங்கள பி.எல்.எஸ். கிளாஸ்ல உக்கார வச்சு ஆம்பு பேக் பாடம் எடுக்கறது ரெண்டு பக்கமும் நேர விரயம்.

இந்த மூனுக்குமே ஒரு பொது ஓட்டை இருக்கு, அத யாரும் பேசறதில்ல. நான் போன எல்லா கிளாஸ்லயும் பொம்மைய தரைல போட்டு முட்டி போட்டுத்தான் அமுக்க வச்சாங்க. நம்ம பேஷண்ட் தரைலயா கெடக்கறாரு? கட்டில்ல, அதுவும் ஐசியூன்னா ஆல்ஃபா பெட், அதாவது காத்தடிச்ச மெத்தை மேல. அமுக்கற அமுக்குல ஒரு பங்கு மெத்தைக்குத்தான் போகும். முதுகுக்கு கீழ பலகை தள்ளணும், கட்டில எறக்கணும், குட்டையா இருக்கற என்ன மாதிரி ஆளுங்களுக்கு ஸ்டூல் வேணும், ஆல்ஃபா பெட்ல காத்த டக்குனு எறக்கறதுக்குன்னு கால்மாட்டு பக்கமோ தலைமாட்டு பக்கமோ சி.பி.ஆர்.னு எழுதின ஒரு நாப் இருக்கும், அது எங்க இருக்குன்னே எங்க யூனிட்ல பாதி பேருக்கு தெரியாது. இதெல்லாம் கத்துக்கறது நம்ம வார்டுலயே நடக்கற மாக் கோட் ப்ளூல, அதாவது ஒரு பேஷண்டுக்கு ஹார்ட் நின்னுட்ட மாதிரி வச்சு பாக்கற ஒத்திகைல மட்டும்தான். யாரு அமுக்கறது, யாரு ஆம்பு, யாரு டைம் பாத்து ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆள் மாத்தி விடறது, இது கார்டுல வராது. பெரிய ட்ரில்லா நடத்த வேணாம், மாசத்துக்கு ஒரு தடவ ஷிப்ட் மாறறப்ப ஹேண்ட்ஓவர் முடிஞ்சதும் பத்து நிமிஷம் போதும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கத்துக்கறது சில மாசத்துலயே மங்க ஆரம்பிச்சிரும்னு தெரிஞ்சுதான் ஏ.எச்.ஏ.வும் மேனிகின் செய்யற லேர்டால் கம்பெனியும் சேந்து ஆர்.க்யூ.ஐ.ன்னு ஒன்னு கொண்டு வந்தாங்க, மூனு மாசத்துக்கு ஒரு தடவ கொஞ்ச நேரம் மேனிகின்ல செஞ்சு காட்டினா போதும், கார்டு அப்படியே தொடரும். எங்க ஆஸ்பத்திரில இல்ல, இருந்தா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு அதுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

எதுல சேந்தாலும் இப்ப ஒன்னு கேட்டுக்கணும், எந்த வருஷத்து புக்குன்னு. 2025 அக்டோபர்ல புது கைட்லைன் வந்துருச்சு. பெரியவங்களுக்கு தொண்டைல சிக்கினா நேரா வயித்த அழுத்தறது இல்ல, முதல்ல முதுகுல 5 தட்டு, அப்புறம் வயித்துல 5 அழுத்தம், மாத்தி மாத்தி. கைக்குழந்தைக்கு ரெண்டு விரலால அமுக்கறது போயே போச்சு, ஒத்தக் கையோட உள்ளங்கை அடிப்பகுதி, இல்ல ரெண்டு கட்டைவிரலும் வச்சு நெஞ்ச சுத்திப் பிடிக்கற முறை. இன்னும் ரெண்டு விரல் காட்டற சென்டர்ல காச கட்டாதீங்க.

அந்த பொண்ணுக்கு நான் சொன்னது முழு நாள் கிளாஸ். போன் பண்ணி மூனு கேள்வி கேக்க சொன்னேன்: எத்தனை பேருக்கு எத்தனை மேனிகின், ஃபீட்பேக் காட்டற பொம்மையா, ஈ-கார்டு காசு ஃபீஸ்லயே அடங்குதா. முதல் சென்டர்ல "மேனிகின் எல்லாம் இருக்கும்மா, நீங்க வாங்க"ன்னு மழுப்பிட்டாங்களாம். ரெண்டாவது சென்டர்ல முந்நூறு ரூபா கூட, ஆனா ஒரு பேட்ச்சுக்கு ஆறு பேர்தான்னு சொல்லியிருக்காங்க. அடுத்த ஞாயிறு போறா, அவ டியூட்டிய நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்.