ரங்கூன் போக வழியில்லாத ஆய்வாளர்களுக்கு ஒரு செட்டிநாட்டு வீடு

பள்ளத்தூர் பக்கம் ஒரு ஆச்சி தன் பழைய வீட்டில் சில அறைகளை வாடகைக்கு விடுகிறார். போர்டு கிடையாது. அவர் கேட்டுக்கொண்டதால் பெயரையும் தெருவையும் எழுதவில்லை, காரைக்குடியில் ஆராய்ச்சி செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆத்தங்குடிக் கல்லையும் பர்மா தேக்குத் தூணையும் படம் எடுக்க வருகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடங்கள் நிறைய உண்டு. பர்மாவைப் பற்றி ஆய்வு செய்துகொண்டு அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாமல் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தலைப்பு கீழ் பர்மாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) நடத்திய வட்டிக்கடைகள். 1930 வாக்கில் அங்கே சுமார் 1,650 கடைகள் இருந்தன, அரிசி விலை விழுந்த பிறகு சில ஆண்டுகளில் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் கால்வாசி கடனுக்கு ஈடாக இவர்கள் கைக்கு வந்தது, அப்புறம் ஜப்பான் படையெடுப்பு, 1948 நிலச் சட்டம், 1962க்குப் பிறகு நெ வின் ராணுவ ஆட்சி என்று எல்லாம் போனது. யாங்கூனில் (பழைய ரங்கூன்) மொகல் தெருவையும் ஐராவதி டெல்டா கிராமங்களையும் பார்க்காமல் இதை எழுதக்கூடாது என்றுதான் திட்டம் போட்டிருந்தேன். கொரோனாவில் விமானம் நின்றது. திறப்பார்கள் என்று காத்திருந்தபோது 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, பல்கலைக்கழகம் பயண அனுமதியில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. பின்னால் விசா கிடைக்க ஆரம்பித்தபோதும் நான் போகவில்லை. நிலம் யாருடையது என்று ஒரு வெளிநாட்டுக்காரன் கிராமத்தில் கேட்டுவிட்டு ஊர் திரும்பிவிடலாம், பதில் சொன்னவர் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

அந்த நிலையில் இந்த வீடு எனக்குச் செய்தது பெரிய உதவி. பேரேடு, சிட்டை, ஐந்தொகை என்ற கணக்கு ஏடுகள், கடையை நடத்தப் போன ஏஜெண்டுக்கு எழுதிய சம்பளச்சீட்டு எல்லாம் சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. ஆனால் பழைய சாமான் வாங்குகிறவர்கள் வந்து வந்து போனதில் யாரும் புதியவரை நம்புவதில்லை, கேமராவோடு போனால் முகப்பைத் தாண்ட முடியாது. ஆச்சி முதலில் தானே போன் போட்டு நான் எந்த ஊர், எதற்கு வந்திருக்கிறேன், எதை எழுதமாட்டேன் என்று சொல்லிவிடுவார். கூடவே வருவார். "முதல்ல காபியக் குடிங்க தம்பி, பெட்டிய அப்புறம் திறக்கலாம்" என்பார், பல வீடுகளில் அந்த அப்புறம் அடுத்த வாரம்தான் வந்தது. அதற்குள் அந்த வீட்டு ஐயா பர்மாவின் மோல்மேன் ஊரில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (தொழில் பழகும் எடுபிடியாக) இருந்த தன் அப்பாவைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்திருந்தார். தமிழ் எண்களில் இருக்கும் வட்டிக்கணக்கைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் ஆச்சிதான் அறிமுகப்படுத்தினார், அவர் இல்லாமல் என் இரண்டாவது அத்தியாயம் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் 1994இல் சென்னைக்குப் போய் இன்று ஒழுங்காகப் பாதுகாக்கப்படுகின்றன. வீடுகளில் உள்ள கணக்கு ஏடுகளுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை, கறையான் தின்கிறது. பயணத் தடை வராவிட்டால் நானும் இவற்றைத் தேடி வந்திருக்கமாட்டேன்.

குறைகள் உண்டு. வைஃபை முகப்பில் மட்டும்தான் எடுக்கும். யாங்கூன் நேரம் நமக்கு ஒரு மணி முன்னால், அங்கிருந்து நமக்கு உதவுகிறவர்களோடு மின்சாரமும் இணையமும் இருக்கும் நேரம் பார்த்துப் பேச வேண்டும், அந்த நேரத்தில் முகப்பில் யாராவது உட்கார்ந்திருந்தால் பேசவே கூடாது. நான் கேட்டுக்கொண்ட பிறகு பட்டாலை என்கிற கூடத்துப் பக்கம் ஒரு அறையை ஒதுக்கி வயர் இழுத்துக் கொடுத்தார்கள், அறை எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பக்கம் பேசுகிறவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள், பதிவும் செய்யாதீர்கள். 2024இல் கட்டாய ராணுவச் சேவை வந்ததும் எனக்கு உதவிய இளைஞர் நாட்டை விட்டே போய்விட்டார், அவர் பெயர் என் எந்தத் தாளிலும் இல்லை என்பதில் எனக்கு நிம்மதி. அப்புறம் குளியலறை பின்கட்டில், ராத்திரி கொஞ்சம் நடக்க வேண்டும். ஏசி கிடையாது, சித்திரை வைகாசியில் மேல்மாடி அறை வேண்டாம்.

சாப்பாடு வீட்டுச் சமையல், கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் நிச்சயம் உண்டு. வாடகை காரைக்குடி ஹோட்டல்களில் பாதிதான் வரும், மாதக் கணக்கில் தங்கினால் இன்னும் குறைப்பார்கள். அங்கிருந்து பஸ்ஸில் காரைக்குடி பர்மா காலனிக்கும் போய் வரலாம், பர்மாவிலிருந்து திரும்பி வந்த மற்ற குடும்பங்களின் கதை வேறு மாதிரி, அதையும் கேளுங்கள்.

கல்யாண மாதங்களிலும் படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்பச் சடங்கு) சமயத்திலும் அறை கிடைப்பது கஷ்டம், பங்காளிகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஆனால் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறவர்களை ஒரே இடத்தில் பார்க்க முடிவது அப்போதுதான், அதனால் வேறு எங்காவது தங்கியாவது அந்த நாட்களில் வந்துவிட்டுப் போங்கள், முன்கூட்டியே ஆச்சியிடம் சொல்லிவிட்டு.