பச்சைக் குறியும் சிவப்பு மையும்: இரண்டு பிள்ளைகள், ஏழு ஆண்டுகள்

மகளின் பழைய தேர்வுத்தாள்கள் எங்கள் சிங்கப்பூர் ஈசூன் வீட்டு பாம் ஷெல்டரில் (எங்களுக்குச் சாமான் அறையும் அதுதான்) இரண்டு பை நிறைய இருக்கின்றன. மகனுடையவை ஒரே கோப்பில் அடங்கிவிடும். அவன் குறைவாகப் படித்தான் என்று இதற்கு அர்த்தமில்லை (அதைப் பற்றி வீட்டில் வேறு கருத்து உள்ளவர்களும் உண்டு). இருவருக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம். அந்த நான்கு ஆண்டுக்குள் பள்ளி வேறு பள்ளியாகிவிட்டது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயை மகள் எழுதியது 2019இல், மகன் எழுதியது 2023இல். நடுவில் டி-ஸ்கோர் என்ற மதிப்பெண் முறை போய் ஏஎல் என்ற முறை வந்தது. அரையாண்டுத் தேர்வு போனது. மகன் உயர்நிலைப்பள்ளிக்குப் போகும்போது, பிஎஸ்எல்இ முடிவை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகள் போயின. உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் எல்லார் கையிலும் ஒரு கணினி வந்தது. இவை ஒவ்வொன்றையும் கல்வி அமைச்சு அறிவித்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டைகளை எழுதினால் தனி நூலே ஆகும். ஆனால் அறிவிப்பை வைத்து எதையும் சொல்ல முடியாது, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டிப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் டி-ஸ்கோர். அது பிள்ளை எடுத்த மதிப்பெண் அல்ல. மற்ற பிள்ளைகள் எல்லாரும் எப்படி எழுதினார்கள் என்பதோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட எண். மகளுக்கு 231 வந்தது. அவள் ஆசைப்பட்ட பள்ளியில் முந்தைய ஆண்டு கடைசியாகச் சேர்ந்த பிள்ளைக்கு 233. அந்த இரண்டு எண்ணுக்காக என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் நன்றாகவே சாப்பிட்டாள். கடைசியில் அவள் சேர்ந்த பள்ளி அவளுக்குப் பிடித்துப்போனது வேறு கதை.

2021இலிருந்து வந்த ஏஎல் முறையில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை ஒரு நிலை. 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 1. நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை ஓர் எண் வரும், எண் குறையக் குறைய நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படி எழுதினாலும் என் பிள்ளையின் நிலை மாறாது. இதில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் ஐந்தாம் நிலை 65 முதல் 74 வரை, ஆறாம் நிலை 45 முதல் 64 வரை. ஆறாம் நிலைக்குள் இருபது மதிப்பெண் அகலம்! மகனுக்கு ஆங்கிலத்தில் 6 வந்தது. 46ஆ, 64ஆ? முடிவுத்தாளில் நிலை மட்டும்தான் இருக்கும். முதல் இரண்டு நாள் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள், 64 என்று தெரிந்திருந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணை வைத்து அவனை இன்னும் எத்தனை மாதம் வறுத்திருப்பேன் என்று யோசித்தேன். தெரியாததே நல்லது என்று விட்டுவிட்டேன்.

இந்த ஏழு ஆண்டில் எனக்குப் பெரிதாக மாறியது இதுதான். பிள்ளை படிப்பதில் என் கண்ணுக்குத் தெரிவது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பல நேரம் அது நல்லதாக முடிந்தது. ஒருமுறை நன்றாகவே அடி வாங்கினேன்.

திரை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது 2020 ஏப்ரல் 8ஆம் தேதி. கோவிட் ஊரடங்கான நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டத்தின் இரண்டாம் நாள், எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து கற்க வேண்டும். மகள் உயர்நிலை ஒன்று, மகன் தொடக்கநிலை மூன்று, இருவருக்கும் சேர்த்து ஒரே பழைய மடிக்கணினி. நானும் சாப்பாட்டு மேசையில் அலுவலக வேலை. எஸ்எல்எஸ் என்று எல்லாரும் சொல்லும் மாணவர் கற்றல் தளம் 2018இலேயே பள்ளிகளுக்கு வந்திருந்தது. எனக்கு அது பிள்ளைகளின் கடவுச்சொல் எழுதிய ஒரு துண்டுச்சீட்டாக மட்டுமே அறிமுகம். அந்தச் சீட்டைத் தேடி அன்று காலை வீட்டையே புரட்டினோம். அப்போது எல்லாம் தெரிந்தது. ஆசிரியர் என்ன கேட்கிறார், மகன் என்ன உளறுகிறான், எல்லாம் என் காதிலேயே விழுந்தது. வகுப்பறைக்குள் நான் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு மாதம்தான். மே 5ஆம் தேதி, முன்கூட்டியே விட்ட ஜூன் விடுமுறை வந்து காப்பாற்றியது.

அடுத்த ஆண்டு மகளுக்கு டேப்லட் வந்தது. எல்லா உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கும் 2028க்குள் கொடுப்பதாக இருந்த திட்டம், கிருமித்தொற்றால் முந்தி 2021லேயே முடிந்துவிட்டது. பணத்தை, பிள்ளைகளின் கல்விச் செலவுக்காக அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து கட்டலாம். 2020இல் அரசாங்கம் அந்தக் கணக்கில் 200 வெள்ளி கூடுதலாகப் போட்டிருந்தது உதவியாக இருந்தது. கருவியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் ஆண்டில் பேட்டரி மதியத்துக்கு மேல் தாங்கவில்லை, பேனா முனை இரண்டு முறை தொலைந்தது. மற்றபடி உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வு வரைக்கும் உழைத்தது.

சொல்ல வேண்டியது அதற்குள் இருக்கும் கண்காணிப்புச் செயலியைப் பற்றி. பள்ளி நேரத்தில் பள்ளியின் கட்டுப்பாடு. பள்ளி முடிந்தபின் எப்படி என்று பெற்றோர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: பள்ளி அமைப்பையே தொடர்வது, நாமே மாற்றிக்கொள்வது, அல்லது மாலையில் செயலியை அணைத்துவிடுவது. நான் வீரமாக இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். எந்தத் தளம் திறக்கலாம், எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு நாள் இரவும் உட்கார்ந்து மாற்றினேன். பத்தே நாளில் அலுத்துவிட்டது. வீட்டில் போலீஸ் வேலை பார்ப்பதற்குப் பதில் ரசம் வைத்திருக்கலாம். முதலாவதற்கே திரும்பிவிட்டேன். இப்போது தேர்ந்தெடுக்கப்போகிறவர்களுக்கு என் ஆலோசனை: உங்களுக்கு நேரமும் பொறுமையும் உண்டா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டு பிறகு இரண்டாவதைத் தொடுங்கள்.

அப்புறம் அரையாண்டுத் தேர்வு. மகன் தொடக்கநிலை இரண்டில் இருந்தபோதே, 2019இல், முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வு இல்லை என்றானது. 2023க்குள் எந்த வகுப்புக்கும் அரையாண்டு இல்லை. பிஎஸ்எல்இ எழுதும் ஆண்டில்கூட அவனுக்கு மே மாதம் சும்மா கடந்து போனது. சும்மா கடக்க விட்டோமா என்றால் இல்லை. அவன் போன துணைப்பாட நிலையம் ‘மாதிரி அரையாண்டு’ என்று சொந்தமாக ஒரு தேர்வு வைத்தது. நானும் காசு கட்டி அனுப்பினேன். பள்ளி இறக்கிவைத்த சுமையை நானே மறுபடி தூக்கித் தலையில் வைத்தேன், வேறு யாரையும் குறை சொல்லப் போவதில்லை. இப்போது பள்ளியில் தவணைக்கு ஒரு ‘டபிள்யூஏ’ என்ற சிறு தேர்வு, ஆண்டு இறுதியில் ஒரு பெரிய தேர்வு. தாள் வீட்டுக்கு வரும், மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்துகள் குறைந்ததில் எனக்கு நிம்மதிதான்.

நான் அடி வாங்கியது தமிழில்.

மகனுக்குத் தமிழில் ஏஎல் 4. வீட்டில் தமிழ் பேசுகிறோம், மாமியார் கூடவே இருக்கிறார், தமிழைப் பற்றி நான் கவலையே படவில்லை. உயர்நிலை ஒன்றிலிருந்து அவன் தமிழ்ப் பயிற்சிகளில் பாதி டேப்லட்டில். அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் முடித்துவிட்டதாகப் பச்சைக் குறி. சரி, படிக்கிறான் என்று சமையலறைக்குப் போய்விடுவேன். உயர்நிலை இரண்டு, இரண்டாம் தவணையில் கட்டுரைத்தாள் வந்தது. முதல் பத்தியிலேயே ஒன்பது சிவப்பு வட்டம். ‘வாழைத் தோட்டம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வாலைத் தோட்டம்’. ‘மழை’ ஓர் இடத்தில் ‘மலை’, இன்னோர் இடத்தில் சரியாக ‘மழை’. ‘அவன் சொன்னான்’ ஒழுங்காக இருந்தது, ‘கண்ணாடி’ மட்டும் இரண்டு சுழியோடு நின்றுவிட்டது.

இந்தப் பையன் ஆறாம் வகுப்பில் இப்படி எழுதவில்லையே! அன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து, தட்டச்சு செய்து காட்டச் சொன்னேன். ஆங்கில எழுத்தில் ‘வாலை’ என்று அடிக்கிறான். மேலே ஒரு பட்டை வருகிறது: வாலை, வாளை, வாழை. அவன் முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறான். மூன்றும் உண்மையான சொற்கள் என்பதால் எதன் கீழும் சிவப்புக் கோடு விழாது. சரியான சொல் தற்செயலாக முதலில் நின்றால் சரியாக வரும், இல்லாவிட்டால் வராது. ஒன்றரை ஆண்டாக அவனுக்காக எழுத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பட்டைதான். கை மறந்துவிட்டது. தேர்வில் கொடுப்பதோ பேனா.

“அம்மா, நான் கண்ணால பாத்தா கண்டுபிடிச்சிடுவேன், எழுதும்போதுதான் வரமாட்டேங்குது” என்றான். அது உண்மைதான். வாசிக்கச் சொன்னால் தடங்கலில்லாமல் வாசித்தான். மகள் காலத்தில் வாரம் ஒரு சொல்வதெழுதுதல் நோட்டு என் கைக்கு வரும், மூன்றாவது வாரமே தெரிந்திருக்கும். இவன் விஷயத்தில் ஒன்றரை ஆண்டு கழித்துத் தெரிந்தது. இதற்குத் தளத்தையோ ஆசிரியரையோ குறை சொல்ல மாட்டேன். பச்சைக் குறி ‘முடித்தான்’ என்றுதான் சொன்னது, ‘கற்றான்’ என்று நானாக வாசித்துக்கொண்டேன்.

இதே திரை தமிழுக்கு நல்லதும் செய்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிஎஸ்எல்இ தாய்மொழி வாய்மொழித் தேர்வில் 2017 முதல் படத்துக்குப் பதில் காணொளி. அதைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். பயிற்சிக்காக மகன் தன் குரலைப் பதிவு செய்து, தானே கேட்டு, மறுபடி பதிவு செய்வான். நான் பத்து முறை சொல்லியும் திருந்தாததைத் தன் காதால் ஒருமுறை கேட்டதும் திருத்திக்கொண்டான். ஒருநாள் அந்தப் பதிவை மாமியார் கேட்டுவிட்டார். “பலம் சாப்பிட்டேன்னு சொல்றானே, எந்தப் பலம்? உடம்புல இருக்கிற பலமா?” என்றார். அவன் முகம் சிவந்துவிட்டது. “அப்பாயி, இருங்க” என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு முறை ‘பழம்’ சொன்னான். ஏழாவது முறை நாக்கு மடிந்தது.

அறிவியலில் குறுவிடை எழுதினால் செயற்கை நுண்ணறிவு உடனே கருத்துச் சொல்லும் வசதியும் தளத்தில் வந்திருக்கிறது. மகனுக்கு அறிவியல்தான் பலவீனம், அதனால் அதிகம் பயன்படுத்துகிறான். ‘காரணத்தை விளக்கவில்லை’ என்று வந்ததும் ஒரு ‘ஏனென்றால்’ போட்டு எதையாவது ஒட்டிவிடுவான். அதைப் பற்றி இன்னும் ஓர் ஆண்டு கழித்து எழுதுகிறேன்.

மாற்றங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது பிரிவுகள் போனதுதான். மகனுக்கு பிஎஸ்எல்இயில் ஆங்கிலம் 6, கணிதம் 6, அறிவியல் 7, தமிழ் 4. மொத்தம் 23. பழைய காலமாக இருந்திருந்தால் நார்மல் என்று முத்திரை குத்தி, நார்மல் வகுப்பில் உட்கார வைத்திருப்பார்கள். என் அண்ணன் மகன் அப்படித்தான் போனான். கல்யாண வீடுகளில் “எந்த ஸ்ட்ரீம்?” என்று யாராவது கேட்டால் அவன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். மகன் 2024இல் உயர்நிலை ஒன்று சேர்ந்தான், ஒவ்வொரு பாடத்தையும் பிள்ளையின் திறனுக்கேற்ற நிலையில் எடுக்கும் ‘முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்தலின்’ முதல் அணி. பிஎஸ்எல்இ எண்ணை வைத்துப் பிரிக்கும் மூன்று சேர்க்கைக் குழுக்களில் இரண்டாவதில் சேர்ந்தாலும் தமிழை ஜி3 என்ற மேல் நிலையில் எடுக்க முடிந்தது, மற்றவை அதற்கு அடுத்த ஜி2. உயர்நிலை இரண்டில் கணிதத்தையும் ஜி3க்கு மாற்றினார்கள். வகுப்பில் மூன்று குழுப் பிள்ளைகளும் கலந்து இருப்பார்கள். ஓவியம், இசை, உடற்பயிற்சி, சமையல் போன்ற பாடங்களை எல்லாரும் சேர்ந்தே படிக்கிறார்கள். பாட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது.

அவன் நெருங்கிய நண்பன் எந்தக் குழு என்று நான் ஒருமுறை கேட்டேன். “தெரியாதும்மா. அவன் கணிதத்துக்கு என்கூட வர்றான், சயின்ஸுக்கு வேற கிளாஸ்” என்றான். எனக்கு அது போதும். ஆனால் பெற்றோர் மட்டும் திருந்தவில்லை. “எந்த ஸ்ட்ரீம்” என்பது “எத்தனை ஜி3” என்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப்பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்பட பள்ளி நேரம் முழுவதும் கைபேசி தொடக்கூடாது. டேப்லட்டும் இரவு 11 மணிக்குப் பதில் 10.30க்கே தூங்கப் போகிறது. மகன் இரண்டு நாள் முணுமுணுத்தான். மூன்றாம் நாள் இடைவேளையில் கேப்டீ ஆடியதாகச் சொன்னான், காலில் இறகுப் பந்தைத் தட்டும் அதே ஆட்டம், நான் அவன் வயதில் புளோக்கின் கீழே ஆடியது.

2027இல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக எஸ்இசி என்ற ஒரே சான்றிதழ்த் தேர்வு. மகன் அதற்கும் முதல் அணி. பழைய தேர்வுத்தாள்களைத் தேடி பிராஸ் பசா புத்தகக் கடைகளுக்கு ஓடும் வழக்கம் இந்தமுறை எவ்வளவு பயன்படும் என்று பார்க்க வேண்டும்.

தமிழ்க் கட்டுரைத்தாள் வந்த வாரத்திலிருந்து வீட்டில் ஒரு புது ஏற்பாடு. சனிக்கிழமை தேக்காச் சந்தைக்குப் போகும் முன் மாமியார் சொல்லச் சொல்ல மகன் கையால் பட்டியல் எழுத வேண்டும். எழுதியபடியே வாங்குவேன். முதல் வாரம் ‘வாளைக்காய்’ என்று எழுதியிருந்தான். நான் வாளை மீன் வாங்கி வந்தேன். அன்று பஜ்ஜி கிடையாது. அதற்குப் பிறகு வாழைக்காய் தவறியதே இல்லை. போன வாரம் ‘கருவேப்பிலை’ என்று எழுதினான். “கறிவேப்பிலைடா” என்று மாமியார் திருத்த, அவன் டேப்லட்டை எடுத்துப் பட்டையைக் காட்டினான். அதில் இரண்டுமே இருந்தன. மாமியார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அதுக்கென்ன தெரியும்?” என்று சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டார்.