காசு கேட்காத நுவரெலியா சீசன்

இலங்கை மலையகத்து நுவரெலியாவில் ஏப்ரலில் நடக்கும் சீசன் என்றாலே பர்ஸைத் தொட்டுப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஏப்ரல் பிறந்தால் அறை வாடகை எங்கேயோ போய்விடும், ஒரு பிளேன்டீக்கும் விலை ஏறும். ஆனால் டவுனுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சீசனில் காசு கேட்காத பக்கம்தான் உருப்படியானது.

ஏப்ரல் 1ஆம் திகதி தொடக்க விழா. பாடசாலை பேண்ட் அணிகள் பிரதான வீதியில் வரும்போது ஓரமாக நின்றால் போதும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. குறை என்றால் பேச்சுகள். அவை முடியும்வரை பேண்ட் பிள்ளைகள் வெயிலில் நிற்க வேண்டும். ஒலிபெருக்கியில் தமிழ் பெயருக்குத்தான் வரும். பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத்துச் சனம் என்று மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன!

இரவு இசை நிகழ்ச்சிகள் சத்தம், அவ்வளவுதான்.

காலை நேரம்தான் பொன். ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் மத்தியானம் தாண்டினால் இடியும் மழையும் எப்போது வேண்டுமானாலும் வரும். அதனால் விடிந்ததும் கிளம்பி சிங்கிள் ட்ரீ மலைக்குத் தேயிலை நடுவே ஏறிவிடுங்கள். மேகம் விலகினால் பிதுருதலாகலை மலை நேரே தெரியும். விக்டோரியா பார்க்குக்கு டிக்கெட் உண்டு. ஆனாலும் பறவை பார்க்கிறவர்கள் அங்கே செலவழிக்கலாம். குளிர்காலத்துக்கு வந்த ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் திரும்பிப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஏப்ரல் கடைசியில் மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்களுக்குப் பூ கிடைக்கும், அந்தக் குருவிகள் கிடைப்பது கஷ்டம்.

இனி, சீசன் நிகழ்ச்சி நிரலில் நான் பார்த்தே இராத ஒன்று: காமன் கூத்து. சுற்றியுள்ள தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று காமன் பொட்டல் என்கிற திறந்த வெளியில் கம்பம் ஊன்றுவார்கள். சீசன் தொடங்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். கடைசி இரவு ரதியும் மன்மதனும் வேஷம் கட்டி லயம் லயமாக, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள் தோறும், வருவார்கள். தப்பு மேளம் காய்ச்சுகிற நெருப்பைச் சுற்றி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிழவிகள் உட்கார்ந்திருப்பார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்ததும் ரதி அழுவாள் பாருங்கள், கதை தெரிந்த சனமும் கூடவே அழும். ரதியாக ஆடுவது காலையில் புல்லு வெட்டப் போன பையனாக இருக்கும். கொழும்பில் கடையில் நிற்கிற பையன்கள் இதற்காகவே லீவு போட்டு வருகிறார்கள். டிக்கெட் இல்லை, நாற்காலியும் இல்லை. யார் வீட்டிலாவது தேத்தண்ணி தருவார்கள். காணிக்கைத் தட்டு வந்தால் ஏதாவது போடுங்கள், அது மரியாதை.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இதற்கு ஓர் இரவு ஒதுக்கலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் இரண்டு மனசு. நம் கலை டவுனில் தெரிவது நல்லதுதான். ஆனால் மேடை ஏற்றினால் அரை மணி நேரமாக வெட்டி, நடுவில் விளம்பரமும் சொருகிவிடுவார்கள். விடிய விடிய ஆடுகிறதை அப்படிப் பார்க்க எனக்கு மனம் வராது.

கடைசியாக நடைமுறை விஷயம். கழிப்பறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸை முன்கூட்டியே விசாரியுங்கள், தவறினால் ஓட்டோக்காரர் சொல்வதுதான் கூலி. சித்திரைப் புத்தாண்டன்று பஸ்ஸும் குறைவு, கடைகளும் பூட்டு. அது முடிந்து வரும் சனி, ஞாயிறில் கிரகரி வாவிப் பக்கம் வாகனம் நகராது. ஏப்ரல் முதல் வாரம் வாருங்கள். கையில் குடையும் ஒரு ஜேர்சியும் இருக்கட்டும்.