காப்பகத்துக்கு நேரமா, பணமா, பொருளா, வீட்டில் ஓர் அறையா?

நாய், பூனைக் காப்பகம் ஒன்றுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டால், பலரும் முதலில் கேட்பது "எப்போ வந்து பார்க்கலாம்?" என்றுதான். நானும் அப்படித்தான் போய் நின்றேன். அதற்கப்புறம் கூண்டு கழுவியிருக்கிறேன், பூனைக்குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்திருக்கிறேன் (அதில் சொதப்பியும் இருக்கிறேன், சொல்கிறேன்), மாதாமாதம் பணம் போட்டிருக்கிறேன், மூட்டை கட்டிப் பொருளும் கொண்டுபோயிருக்கிறேன். நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உதவுகிற ஆளுக்கு எது இனிக்கிறதோ அது பெரும்பாலும் காப்பகத்தின் கடைசித் தேவையாக இருக்கிறது. அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: இது அடுத்த வாரமும் வரும், அடுத்த மாதமும் வரும் என்று நம்பி அங்கே இருப்பவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்ள முடியுமா?

நேரில் போவது

குட்டிகளோடு விளையாடலாம் என்று போனவனுக்கு முதல் இரண்டு மாதம் கையில் கிடைத்தது துடைப்பமும் வாளியும்தான். கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது, காரணம் தெரியும் வரை. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நிழலான மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட அழியாமல் கிடக்கும். சாதாரண சோப்புக்கு அது அசையாது. வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும், அதுவும் மலம், முடி எல்லாவற்றையும் முதலில் தேய்த்துக் கழுவி எடுத்த பிறகு. அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும், வைரஸ் அப்படியே இருக்கும். தடுப்பூசி முழுக்கப் போட்டு முடிக்காத குட்டிகளின் அறைக்குள் புதியவர்களை விடாததும் இதனால்தான். நம் செருப்பின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நமக்கே தெரியாது. கழுவுவதிலும் ஒரு வரிசை உண்டு: ஆரோக்கியமான குட்டிகள் முதலில், வளர்ந்தவை அடுத்து, நோயில் இருப்பவை கடைசியில்.

இதையெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று நமக்குச் சொல்லித்தர வேண்டும். அதாவது முதல் சில வாரங்கள் நாம் காப்பகத்துக்கு உதவவில்லை, காப்பகம்தான் நமக்காக நேரம் செலவழிக்கிறது. மூன்று தடவை வந்துவிட்டுக் காணாமல் போகிறவரால் அவர்களுக்கு நஷ்டம்தான். விடுமுறையில் தினமும் வந்து கலக்கிவிட்டு மறைகிறவரைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாலும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறவர் மேல். எனக்கு இது உறைக்க ஆறு மாதம் ஆனது.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரேபிஸ் இருக்கும் இடங்களில் விலங்குகளைத் தொட்டு வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கடியோ கீறலோ பட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், முன்பே ஊசி போட்டிருந்தாலும். "பாவம், பயத்தில் லேசாகப் பிடித்தது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவதெல்லாம் கூடாது.

வீட்டில் வைத்து வளர்ப்பது

ஃபாஸ்டர் என்று எல்லோரும் சொல்கிற இந்த வழி, ஒரு தனி உயிரின் கணக்கில் பார்த்தால் மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். குட்டிகள் விஷயத்தில் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூனைக்குட்டிக்குப் பிறந்த 2வது வாரத்திலிருந்து 7வது வாரம் வரை, நாய்க்குட்டிக்கு 3வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14வது வாரம் வரை, மனிதக் கை, குரல், வீட்டுச் சத்தம் எல்லாம் பழக்கமாகும் பருவம். அந்த நாட்கள் கூண்டுக்குள் கழிந்துவிட்டால் பின்னால் அதை ஈடுகட்டுவது ரொம்பக் கஷ்டம். அதோடு தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்காத உடம்பை நோய் சுற்றும் கட்டடத்திலிருந்து வெளியே எடுத்துவிடுகிறோம், அதுவே பெரிய பாதுகாப்பு.

ஆனால் செலுத்த வேண்டிய விலையும் அதற்கேற்றதுதான். தாய் இல்லாத பூனைக்குட்டி பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும். முதல் வாரம் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும், ராத்திரியிலும். பசும்பால் ஆகாது, குட்டிகளுக்கான பால்பொடிதான். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், அதனால் குப்புறப் படுத்த நிலையில்தான் புட்டி. உடம்பு சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும், அப்புறம்தான் பால். முதல் மூன்று வாரம் ஈரப் பஞ்சால் நாம் துடைத்துவிட்டால்தான் சிறுநீரே போகும். தினமும் எடை பார்க்க வேண்டும். நாளுக்கு 10 கிராமாவது ஏறாவிட்டால் போனை எடுக்க வேண்டியதுதான்.

நான் சொதப்பியது இதில் எதிலும் இல்லை. பால், எடை, பஞ்சு எல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன். புதிதாக வரும் விலங்கை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள், வீட்டுப் பூனையோடு சேர்க்காதீர்கள் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள், நான் ஐந்தாவது நாள் கதவைத் திறந்துவிட்டேன். எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன என்ற நினைப்பு. அடுத்த மாதம் குட்டிகளுக்குப் படர்தாமரை, என் பூனைக்குப் படர்தாமரை, என் முழங்கையில் வட்டமாக ஒன்று. அந்தப் பூஞ்சையின் வித்துகள் துணியிலும் தரையிலும் மாதக்கணக்கில் இருக்கக் கூடியவை, அதனால் வாரக்கணக்கில் மருந்து, துவைப்பு, பெருக்கல். அந்த நேரத்தில் வேறு எந்தக் குட்டியையும் என் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. ஒரு கதவைச் சீக்கிரம் திறந்ததற்குக் காப்பகம் ஓர் இடத்தையே இழந்தது.

ஆகவே தனி அறை இல்லை, ராத்திரி எழ முடியாது என்றால் குட்டிகள் வேண்டாம். அதற்குப் பதிலாக வளர்ந்த நாயை ஓரிரு இரவு மட்டும் கூட்டிப்போகும் முறை சில இடங்களில் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எதுவானாலும் மருத்துவச் செலவு யாருடையது, நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது, முடியாமல் போனால் எத்தனை நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், இந்த மூன்றையும் விலங்கை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பொருளும் பணமும்

இங்கே என் தீர்ப்பு ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும். பொருள் கொடுப்பது கொடுக்கிறவருக்குத் திருப்தி. வண்டியிலிருந்து இறக்கலாம், படம் எடுக்கலாம். நான் ஒருமுறை தள்ளுபடியில் கிடைத்தது என்று நாலு விதமான நாய்த்தீனிப் பைகளைக் கொண்டுபோய் இறக்கினேன். வாங்கிக்கொண்டார்கள், முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. நாயின் வயிற்றுக்குத் தீனியை ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாற்ற வேண்டும். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு. வீட்டில் என்றால் ஒருநாள் தொல்லை. காப்பகத்தில் ஒரு குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றால் அது தீனியா பார்வோவா என்று யாருக்குத் தெரியும்? உடனே தனிமைப்படுத்து, பரிசோதனை செய், அந்த வரிசைக் கூண்டு எல்லாவற்றையும் மறுபடி கழுவு. என் தள்ளுபடிப் பை அவர்களுக்கு எவ்வளவு செலவு வைத்திருக்கக் கூடும் என்று யோசித்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பழைய துண்டு, போர்வை எப்போதும் வேண்டும். பஞ்சு அடைத்த தலையணை வேண்டாம், கடித்து விழுங்கிவிடும். வீட்டில் மிச்சமான மாத்திரைகளைத் தயவுசெய்து மூட்டையில் போடாதீர்கள், பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நாய்க்கான உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரினும் அப்படியே. சும்மா கிடைக்கிற அட்டைப்பெட்டிக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் இல்லை என்பேன்: நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை, கிடைக்காதவற்றைவிட வேகமாகப் பதற்றம் தணிந்திருந்தன.

பணத்தில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இன்று தடுப்பூசியாக மாறும், நாளை கருத்தடை அறுவையாக, நாளன்றைக்கு மின்கட்டணமாக மாறும். சின்னத் தொகையானாலும் மாதாமாதம் தானாகப் போகிற மாதிரி வைத்துவிட்டால், வருடத்தில் ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டுக் கொடுக்கும் பெரிய தொகையைவிட அது உதவும், ஏனென்றால் அதை நம்பி ஒரு ஆளுக்குச் சம்பளம் பேச முடியும். "அந்த மூன்று கால் நாய்க்கு மட்டும்" என்று பெயர் எழுதிக் கொடுப்பதில் இன்னொரு தொல்லை: அந்த நாய்க்குத் தேவைக்கு மேல் சேர்ந்துவிடும், அடுத்த கூண்டில் இருக்கும் அழகில்லாத கிழட்டு நாய்க்கு ஒன்றும் வராது. நான் பெயர் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் பணத்துக்குக் கண் கிடையாது. எத்தனை வந்தன, எத்தனை தத்துப் போயின, எத்தனை இறந்தன, இதையும் வருடக் கணக்கையும் கேட்டால் காட்டுகிற இடமா என்று பாருங்கள். எதையும் மறுக்காமல் சேர்த்துக்கொண்டே போய், எதையும் வெளியே அனுப்பாத இடங்கள் உண்டு. எண்ணிக்கையைப் பார்த்து நமக்குக் கண் கலங்கும், உள்ளே போனால் நெரிசலும் நோயும்தான். இதைத் தெரிந்துகொள்ள நாலு தடவை நேரில் போய் வாளி தூக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதனால் முதலில் கொஞ்ச நாள் நேரம், பிறகு மாதப் பணம், தனி அறை இருந்தால் மட்டும் குட்டிகள் என்பதுதான் யாராவது கேட்டால் நான் சொல்லும் வரிசை. மூட்டை கட்டுமுன் போன் பண்ணிக் கேளுங்கள். கார் இருப்பவர் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொண்டுவரலாம், கேமரா இருப்பவர் தரையில் உட்கார்ந்து, கூண்டுக் கம்பி தெரியாமல், விலங்கின் கண்மட்டத்தில் படம் எடுத்துக் கொடுக்கலாம், இவையெல்லாம் கேட்கச் சின்னதாக இருந்தாலும் ஆள் கிடைக்காத வேலைகள்.

சரி, அந்த ஓரிரவு விஷயம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிசா குண்டரும் சக ஆய்வாளர்களும் 5 காப்பகங்களில் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள்: ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கிய நாய்களுக்கு அந்த நாட்களில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தது, திரும்பி வந்ததும் பழைய அளவுக்கு ஏறியது, ஆனால் பழைய அளவைத் தாண்டவில்லை. "கூட்டிப்போய்விட்டுத் திரும்பக் கொண்டுவிட்டால் இன்னும் ஏங்கிப்போகுமே" என்றுதான் நான் அதுவரை தட்டிக்கழித்து வந்தேன். படர்தாமரை எல்லாம் தீர்ந்த பிறகு பேர் கொடுத்தேன், இந்த முறை பெரிய நாய், வார இறுதிக்கு மட்டும். விளையாட்டுக்கு என்று பந்து, கயிறு எல்லாம் எடுத்துவைத்திருந்தேன். அது வந்தது, வீட்டை ஒரு சுற்று மோந்து பார்த்தது, தனி அறையின் மூலையில் படுத்தது, சனிக்கிழமை முழுக்கத் தூங்கியது.