பாலைவனப் பண்ணைக்குச் சொட்டுநீரா, கால்வாயா, கிணற்றுக்குப் பூட்டா?

பாலையைத் திருத்திப் பயிரிட்ட இடங்களில் நீர்மட்டம் இறங்கினால், முதலில் கிணற்றைத்தான் இன்னும் ஆழப்படுத்துகிறார்கள். இதைத் தீர்வுகளின் வரிசையில் சேர்க்கவே எனக்கு மனம் வரவில்லை. மின்செலவு ஏறும், தண்ணீர் கரிக்கும், ஆழப்படுத்தப் பணமில்லாத பக்கத்துப் பண்ணை முதலில் காயும். சவூதி அரேபியா இப்படி இறைத்துத்தான் 1990களின் தொடக்கத்தில் கோதுமை ஏற்றுமதி செய்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழைநீர் அது, இறைத்தால் ஊறாது. உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாக நிறுத்துவதென 2008இல் அரசே முடிவெடுத்தது.

அடுத்து எல்லோரும் சொல்வது சொட்டுநீர். பயிருக்கு அது நல்லது, ஐயமில்லை. ஆனால் மிச்சப்பட்ட நீர் கிணற்றில் தங்குவதில்லை. கடனைக் கட்ட வேண்டிய விவசாயி அதைக் கொண்டு இன்னும் பத்து ஏக்கருக்குக் குழாய் நீட்டுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. செடியின் அடியில் குனிந்து பாருங்கள்: ஈரம் முடியும் இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். மழை கழுவாத மண்ணில் அதை வேருக்குக் கீழே தள்ள அவ்வப்போது கூடுதலாக நீர் விட்டே ஆகவேண்டும். சேமிப்புக் கணக்கில் இதையும் கழிக்க வேண்டும்.

கால்வாய்க்கு எகிப்தைப் பார்க்கலாம். கெய்ரோ - அலெக்சாந்திரியா பாலைச் சாலையை ஒட்டிய மேற்கு டெல்டாப் பண்ணைகள் கிணறுகளை நம்பி வளர்ந்தவை. கிணறுகள் கைவிடத் தொடங்கியதும் நைல் நீரை அங்கே கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தது. 2007இல் உலக வங்கி கடனுக்கு ஒப்புதல் தந்தது. ஆனால் சூடானுடன் செய்த 1959 ஒப்பந்தப்படி நைலில் எகிப்தின் பங்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர்தான். புது நிலத்துக்கு மதகைத் திறந்தால் பழைய டெல்டாவின் கடைமடை காயும்.

சீனாவின் கான்சு மாகாணத்தில் இரண்டு பாலைவனங்களுக்கு நடுவே இருக்கிறது மின்சின். 2007இல் தொடங்கிய திட்டத்தில் அங்கே ஆயிரக்கணக்கான கிணறுகளை மூடினார்கள். மிஞ்சியவற்றில் நீர் ஒதுக்கீடு பதிந்த அட்டையைச் செருகினால்தான் மோட்டார் ஓடும். ஒதுக்கிய அளவு தீர்ந்தால் நின்றுவிடும். அங்கே 1959இல் வற்றிய சிங்து ஏரியில் 2010இல் மறுபடி தண்ணீர் தெரிந்தது. பூட்டு மட்டுமே அதைச் சாதிக்கவில்லை, ஆற்றின் மேற்பகுதியிலிருந்து நீரும் விடப்பட்டது. சாகுபடிப் பரப்பைச் சுருக்கியதில் விவசாயிகள் பட்ட பாடும் சிறிதல்ல.

அப்படியும் என் தேர்வு பூட்டுத்தான். இறைப்புக்கு ஓர் உச்சவரம்பு இருந்தால் சொட்டுநீரில் மிச்சமாவது நிலத்துக்குள்ளேயே நிற்கும். கால்வாய் வந்த இடத்தில் அதே நாளில் கிணற்றையும் மூடச் சொல்லலாம். ஆனால் இழப்பீடு கைக்கு வந்தபிறகே கிணற்றை மூட வேண்டும்; அதிலும் ஒற்றைக் கிணற்றை நம்பி இருப்பவருக்கே முதலில் தர வேண்டும்.