கரப்ட் ஆன எஸ்க்யூலைட் ஃபைலும் டாட் ரிகவரும்: எல்லாம் சரி, அந்த சி0 சி1 தான் தாங்கல

ஃப்ரெண்ட் ஒருத்தர் நேத்து கேட்டாரு, டேட்டாபேஸ் ஃபைல் தொறக்க மாட்டேங்குது, எந்த ரிகவரி சாஃப்ட்வேர் வாங்கலாம்னு. பதில் எழுத ஆரம்பிச்சேன், நீளமா போயிடுச்சு. எஸ்க்யூலைட், அதாவது எல்லா டேட்டாவையும் ஒரே ஃபைல்ல வைக்கிற டேட்டாபேஸ், அதோட கமாண்ட் லைன் டூல்ல இருக்கிற டாட் ரிகவர்ங்கிற மீட்புக் கமாண்ட் பத்திதான் இது.

எனக்கு ஆனது என்னன்னா, நோட்ஸ், புத்தக லிஸ்ட்னு பல வருஷ சமாச்சாரம் ஒரு டெஸ்க்டாப் ஆப்ல இருந்துச்சு, உள்ளுக்குள்ள எல்லாம் ஒரே ஃபைல்தான், ஹார்ட் டிஸ்க் போற நேரத்துல அந்த ஃபைலோட நடுவுல சில இடம் படிக்க முடியாம போச்சு. தொறந்தா டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் ஈஸ் மால்ஃபார்ம்டு, எரர் 11. வயித்தைக் கலக்கிடும் அந்த வரி.

முதல்ல காப்பி எடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். அதே பேரோட பின்னாடி டபிள்யூஏஎல்னோ ஜர்னல்னோ ஒட்டிக்கிட்டு ஒரு ஃபைல் பக்கத்துல இருந்தா அதையும் சேர்த்தே எடுங்க, டெம்ப் ஃபைல்னு நெனச்சு தூக்கிப் போட்டுடாதீங்க. கடைசியா சேவ் பண்ணது மெயின் ஃபைலுக்கு வராம டபிள்யூஏஎல்லயே நிக்கலாம், பாதியில நின்னுபோன ரைட்டை பழையபடி திருப்பறதுக்கான தகவல் ஜர்னல்ல இருக்கும்.

அப்புறம் அந்த காப்பியில இன்டெக்ரிட்டி செக், அதாவது ஃபைல் எங்க உடைஞ்சிருக்குன்னு பார்க்கிற கமாண்ட், ஓட்டிப் பாருங்க. இன்டெக்ஸ்ல (சீக்கிரம் தேடறதுக்கான பட்டியல்) மட்டும் பிரச்சனைன்னா, அதைப் புதுசாக் கட்டுற ரீஇன்டெக்ஸ் போட்டாலே முடிஞ்சுது. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல.

நெட்ல பழைய டிப்ஸ் எல்லாம் டாட் டம்ப், அதாவது டேட்டாவை எஸ்க்யூஎல் கட்டளைகளா எழுதித் தர்ற கமாண்ட், போடச் சொல்லும். போடலாம், ஆனா கரப்ட் ஃபைல்னா வர்ற எஸ்க்யூஎல்லோட கடைசி வரியைப் பாருங்க, கமிட் (செஞ்சதை நிரந்தரமாக்கு) இருக்க வேண்டிய இடத்துல ரோல்பேக் (செஞ்சதை எல்லாம் ரத்து பண்ணு), ட்யூ டு எரர்ஸ்னு இருக்கும். அதை அப்படியே புது ஃபைல்ல ஏத்தினா அத்தனை இன்செர்ட்டும் ஓடி முடிஞ்சு கடைசியில ஒண்ணுமே இருக்காது. அந்த வரியை கமிட்னு மாத்தணும். 2019ல 3.29 வெர்ஷன்ல டாட் ரிகவர் வந்தப்புறம் இந்தத் தொல்லை பெருசா இல்ல, உங்க கமாண்ட் லைன் டூல் அதைவிடப் பழசான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

டாட் ரிகவரை நான் மனசாரப் பாராட்டுவேன். உடைஞ்ச இடத்துல நின்னுடாம ஃபைலை பேஜ் பேஜா (பேஜ்னா ஃபைலோட ஒரு துண்டு) நோண்டி, ரோ, அதாவது டேபிளோட ஒரு வரிசை, மாதிரி தெரியறதை எல்லாம் வெளிய எடுத்துடுது. என் நோட்ஸ்ல பெரும்பாலானது ஒரு எழுத்து கூட உடையாம வந்துச்சு, காசும் கெடையாது.

இப்ப எரிச்சலுக்கு வர்றேன். எந்த டேபிள்னு அதுக்குத் தெரியாத ரோ எல்லாம் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்னு ஒரு டேபிள்ல போய் விழும். அதுல ரூட் பேஜ் (ஒரு டேபிளோட உச்சியில இருக்கிற பேஜ்) நம்பர், பேஜ் நம்பர், ஃபீல்டு எத்தனை, ஐடி, அதுக்கப்புறம் சி0, சி1, சி2ன்னு போய்க்கிட்டே இருக்கும். தலைப்பு எது, தேதி எது, எந்த நோட்டோட டேக் இது, எதுவும் தெரியாது. ஃபீல்டு எண்ணிக்கையை வச்சு இது புத்தக டேபிள், இது டேக் டேபிள்னு பிரிச்சுக்கிட்டே உக்காரணும், ஒரே ரூட் பேஜ் நம்பர் இருந்தா ஒரே கும்பல்னு வச்சுக்கலாம். சி0 காலியா இருக்கேன்னு பதறாதீங்க, பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவையும் அடையாளம் காட்டற ஃபீல்டு) இன்டிஜரா இருந்தா அந்த நம்பர் ஐடி ஃபீல்டுலதான் இருக்கும், அங்கேருந்து எடுத்துத்தான் திருப்பி ஒட்டணும். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு ராத்திரி தூங்கியிருப்பேன்.

நியாயமாப் பார்த்தா டூலைத் திட்ட முடியாது. டேபிள் பேரு எல்லாம் ஸ்கீமா டேபிள்ல (எந்தெந்த டேபிள், அதுல என்ன ஃபீல்டுங்கிற வரையறை) மட்டும்தான் இருக்கு, அது ஆரம்பிக்கறது முதல் பேஜ்ல, டேட்டா இருக்கிற பேஜ்ல நான் இந்த டேபிள்னு எழுதியே இருக்காது, மேல இருக்கிற பேஜ் காட்டினாத்தான் உண்டு. அந்த மேல் பேஜ் போச்சுன்னா கீழ இருக்கிறது அனாதைதான். புரியுது. ஆனா ஸ்கீமா முழுசா கையில இருக்கும்போது ஏழு ஃபீல்டு ரோ, ஏழு ஃபீல்டு இருக்கிற டேபிள் இதுதான்னு ஒரு யோசனையாவது சொல்லக்கூடாதா? இன்னொண்ணு, எப்பவோ டெலீட் பண்ண நோட்டெல்லாம் எந்திரிச்சு வந்துச்சு, ஏன்னா ஃப்ரீலிஸ்ட்ல, அதாவது இப்ப பயன்பாட்டுல இல்லாத பேஜ்களோட பட்டியல்ல, கெடக்கிற பேஜையும் அது படிக்கும். வேணாம்னா இக்னோர் ஃப்ரீலிஸ்ட் ஆப்ஷன் இருக்கு, ஆனா அதைப் போட்டா உண்மையாவே தொலைஞ்சதும் சிலது சேர்ந்து போகலாம். ரெண்டு தடவை ஓட்டி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கன்னுதான் சொல்வேன்.

காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேர்ல ஒண்ணோட ட்ரையலையும் ஓட்டிப் பார்த்தேன், பேர் வேணாம். டேபிள் லிஸ்ட் அழகா வரும், ஒவ்வொண்ணுலயும் முதல் சில ரோ காட்டும், சேவ் பண்ணணும்னா பணம். அந்த முதல் சில ரோ எனக்கு ஏற்கனவே நல்லா இருந்த பகுதி, உடைஞ்ச இடத்துல என்ன கெடைச்சுதுன்னு பணம் கட்டாம பார்க்கவே முடியாது. டேட்டா போன பதட்டத்துல இருக்கிறவங்ககிட்ட இப்படி விக்கறது எனக்குப் பிடிக்கல. டாட் ரிகவர் ஓட்டாம யாரும் கார்டை எடுக்காதீங்க.

டாட் ரிகவருக்கு மார்க் கேட்டா இன்னிக்கு பத்துக்கு நாலுதான் குடுப்பேன், இவ்வளவு பாராட்டிட்டும். டேக் டேபிள்னு நான் நெனச்ச கும்பல்ல பாதி வேற டேபிளோடதுன்னு இன்னிக்கு காலையிலதான் தெரிஞ்சுது, திரும்ப முதல்ல இருந்து பிரிச்சுக்கிட்டு இருக்கேன்.